குரலுக்கு எதிராக இரண்டு நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை துட்டி வீட்டில் என் டேப்லெட் எல்லோரையும் வாழ்த்தியது.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எதிர்வீட்டு முத்தையா சாரின் அண்ணன் காலமானார். குரல்வளையை எடுத்த பிறகு நான் துக்கம் கேட்கப் போகும் முதல் துட்டி இது. டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் நின்று, "பெரிய இழப்பு, ஆறுதல் சொல்ல வார்த்தையில்லை" என்று தட்டி, பேசும் பொத்தானை அழுத்தினேன். பேசும் ஆப் வாயைத் திறப்பதற்குள் திரை முழுக்க மஞ்சளாகி, ஒரு பெண் துள்ளலாக, "வாழ்த்துகள்! நீங்கள் காத்திருந்த நாள் வந்துவிட்டது!" என்றாள். அது வீட்டுக்கடன் விளம்பரம் என்று அடுத்த வரியில்தான் தெரிந்தது. அதற்குள் முத்தையா சாருக்கும் அவர் அண்ணனுக்கும் இருந்த சொத்து வழக்கு எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது.

திரும்பும்போது வடிவு எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். கேட்டைத் திறக்கும்போது சொன்னாள்: "இனிமே துட்டி வீட்டுக்கு நான் போறேன். நீங்க கல்யாண வீட்டுக்கு மட்டும் போங்க. அங்கன்னா அது சொல்லுதது பொருந்தும்."

என் மனைவி சிக்கனமாகப் பேசுபவள். நான் முப்பது வருடம் பகலில் அரசு அலுவலகத்திலும் மாலையில் பட்டிமன்ற மேடையிலும் பேசியவன். அந்தக் காலத்தில் நாட்குறிப்பு எழுதத் தோன்றியதே இல்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

டேப்லெட் புனேயில் இருக்கும் மகள் நித்திலா வாங்கி அனுப்பியது. நான் கேட்டது ஒரு வாய். வந்தது ஒரு சந்தை. ரம்மி இரண்டு, கடன் மூன்று, ஜாதகம் ஒன்று, தங்க நகைக்கு ஒன்று, நான் கேட்காமலே நடிகைகளின் செய்தி சொல்ல ஒன்று. தேவையில்லாததைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதிகமாக விளம்பரம் போடுவது அதுதான். இவை எதையும் நான் ஏற்றவில்லை. பெட்டியைத் திறந்தபோதே குடியிருந்தன. அழிக்கப் போனால், அழிக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் மயங்கிக் கிடக்கிறது.

மாலையில் பேச்சுப் பயிற்சியாளர் ஷமீமா வந்தார். காற்றை விழுங்கி, உணவுக்குழாய் வழியாகத் திருப்பி, அதை வார்த்தையாக்கும் முறையைச் சொல்லித் தருகிறார். சுருக்கமாகச் சொன்னால், ஏப்பத்தைப் படிக்கவைப்பது. முதலில் ப, த, க மூன்றும்தான் வருமாம்.

"பா, தா, கா. தெனமும் சொல்லிப் பாருங்க சார். கொஞ்ச நாள்ல 'காப்பி' வரும், 'போதும்' வரும். ஒங்க சொந்தக் கொரலு சார் அது."

ஊரில் வெண்கலக் குரல் என்று பெயர் வாங்கியவன் ஏப்பத்தில் காப்பி கேட்பதா? அந்தப் பயிற்சி எனக்குத் தேவைப்படாது என்று மரியாதையாகத் தட்டினேன். அதற்கு முன்னால் ஒரு ரம்மி விளம்பரம் வந்தது. இரண்டையும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கு எது மேல்னு நீங்களே பாத்துக்கங்க சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஜூன் 8, ஞாயிறு

ஞானதிரவியம் வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மேடையில் நான் எந்த அணியோ அதற்கு எதிரணி. நான் கணவன் என்றால் அவர் மனைவி, நான் நகரம் என்றால் அவர் கிராமம். ஒரே காரில் போய், மேடையில் ஒருவரையொருவர் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரே காரில் பரோட்டா தின்று திரும்புவோம்.

கையில் ஒரு நோட்டீஸ். வாசகர் வட்ட ஆண்டு விழா, இருபத்திரண்டாம் தேதி மாலை. தலைப்பு: இல்லறம் இனிப்பது பேச்சாலா, மௌனத்தாலா? மௌன அணித் தலைவர் திரவியம். நடுவர் என்ற இடத்தில் ஆவுடையப்பன் என்று என் பெயர்.

கேட்காமல் போட்டுவிட்டீரே என்று தட்டினேன். தங்க நகை விளம்பரம் முடியும் வரை இருவரும் காத்திருந்தோம்.

"கேட்டா நீரு மாட்டேம்பீரு. அதான் கேக்கல. நடுவருக்கு என்னவே வேல? மணி அடிக்கணும், கடைசில தீர்ப்புச் சொல்லணும். ஒம்ம டப்பா சொல்லட்டும்."

"இந்த டப்பா மேடையில கடன் குடுக்கும் அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"அதெல்லாத்தையும் புடுங்கிருவோம் மயினி. எங்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு, வயர் இருக்கு. வெளிநாட்டுல ஒருத்தன் எப்படிப் புடுங்குததுன்னு எழுதியே வச்சிருக்கான்."

ஒப்புக்கொண்டேன். மேடையில் ஒரு வாழ்த்துகள் வந்தாலும் அதுவே என் கடைசி மேடை என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன். அதைத் தட்டவில்லை.

திரவியம் இந்த வருடம் வேறு எந்த மேடைக்கும் போகவில்லை. முழங்கால் வலியாம். எங்கள் வீட்டு மாடிப்படியில் அந்த வலி இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

நோட்டீஸ் மின்கம்பத்தில் ஏறிவிட்டது. பால்காரர் வாழ்த்தினார். அவர் வாழ்த்துவதற்கு முன்னால் விளம்பரம் எதுவும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

வேலை தொடங்கியது. டேப்லெட்டின் அமைப்புப் பக்கத்தில் ஏதோ ஒரு எண் இருக்கிறது. அதை ஏழு முறை தட்டினால் நம்மை டெவலப்பர், அதாவது மென்பொருள் வல்லுநர், என்று அறிவித்துவிடுகிறது. முனைவர் பட்டத்துக்குத் தான் பட்ட பாட்டை நினைத்துத் திரவியம் சற்று நேரம் வருந்தினார். பிறகு கம்ப்யூட்டரில் வயரைச் செருகி ஒரு கட்டளை அடித்தார். டேப்லெட்டுக்குள் குடியிருப்பவர்களின் பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. இருநூற்றுக்கும் மேல். எல்லாம் புள்ளி வைத்துக் கோத்த ஆங்கிலப் பெயர்கள். எது யார் என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை.

"எத வைக்க, எத தள்ள?" என்றார்.

இரண்டு பட்டிமன்றக்காரர்கள் முன்னால் இந்தக் கேள்வியைப் போடக்கூடாது. பத்து நிமிடத்தில் விதிமுறை தயாராகிவிட்டது. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு வழக்கு. ஒருவர் வைக்கும் கட்சி, ஒருவர் நீக்கும் கட்சி, அடுத்த வழக்கில் இடம் மாறிக்கொள்ள வேண்டும். சொந்தக் கருத்துக்கு இடமில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம். நடுவர் வடிவு. பூசை மணியைக் கேட்டோம். "சாமி மணிய ரம்மிக்கு அடிக்க முடியாது" என்று எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் எடுத்து வந்தாள்.

பேசும் ஆப்பின் மீது மட்டும் வழக்கு கிடையாது, அது குடும்பத்தில் ஒருவர் என்று முதலிலேயே தீர்மானம் போட்டோம். முன்னெச்சரிக்கைக்காரர்கள் நாங்கள்.

ரம்மிக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. பஞ்சபாண்டவர் ஆடாத ஆட்டமா என்று தொடங்கினேன். "அதனாலதான் காட்டுக்குப் போனாவ" என்று வடிவு டம்ளரைத் தட்டிவிட்டாள். மனசாட்சியின்படி நான் தோற்ற முதல் வழக்கு.

ஜூன் 14, சனி

ரம்மிகள், கடன்கள், ஜாதகம், நடிகைகள் எல்லோரும் போய்விட்டார்கள். சுத்தம் செய்யும் ஆப்பைச் சுத்தம் செய்தபோது வடிவு கை தட்டினாள். இன்று பெரிய வழக்கு: ஆப்கள் வாங்கும் கடை. விளம்பரங்களில் பாதி அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன என்று நான் நிரூபித்தேன். கடையும் போனது.

இப்போது தட்டினால் உடனே பேசுகிறது. குறுக்கே யாரும் இல்லை. சாயங்காலம் சும்மா இருபது வாக்கியம் பேசிப் பார்த்தேன். நித்திலாவிடம் போனில் டேப்லெட்டையே பேசவிட்டேன். "எதையும் நோண்டாதீங்கப்பா" என்றாள். நோண்டவில்லை என்று டேப்லெட் தெளிவான உச்சரிப்பில் சொன்னது.

குளியலறையில் தண்ணீர் அதிக நேரம் ஓடுகிறது, மேல் தொட்டி காலியாகிறது என்று வடிவு புகார் சொன்னாள். குழாயில் ஏதோ கோளாறு என்று தட்டினேன்.

"கொழாய் பா, தா, கானு கத்துமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். காது அநியாயத்துக்குக் கூர்மை.

ஜூன் 17, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டிய நாள்.

கடைசி வழக்கு. மூன்று புள்ளி வைத்த பெயர், கடைசியில் மூன்றே எழுத்து. எதைக் குறிக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஐகான் கிடையாது. திறந்து பார்க்க வழியில்லை. ஆனால் முந்நூறு எம்.பி. இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. முறைப்படி நீக்கும் கட்சி திரவியம், வைக்கும் கட்சி நான்.

திரவியம் எழுந்து நின்றார். வீட்டுக்குள் பேசும்போது அவர் எழுந்து நிற்பதில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"நடுவர் அவர்களே! ஒரு வீட்டுல ஒருத்தன் இருக்கான். மொகத்தக் காட்ட மாட்டேங்கான். பேரு விளங்கல. கதவத் தட்டுனா தொறக்க மாட்டான். என்னடே வேல செய்யுதேன்னு கேட்டா வாயத் தொறந்து ஒரு பதில் கெடையாது. ஆனா வீட்டுல முக்காவாசி எடம் அவனுக்கு! இப்படி ஒருத்தன நீங்க வச்சிருப்பியளா மயினி?"

வடிவு என்னைப் பார்த்தாள். வழக்குக்குத் தேவையானதைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

என் முறை. "முகம் காட்டாத காரணத்தாலேயே ஒருவரைக் குற்றவாளி என்பது அறமாகுமா? வீட்டில் சத்தமில்லாமல் உழைப்பவர்களை நாம் என்றாவது கண்டுகொண்டிருக்கிறோமா?" என்று தட்டிப் பேசவிட்டேன். நல்ல தொடக்கம். வடிவின் முகம்கூட இளகியது. ஆனால் இரண்டு விரலால் தட்டுபவனுக்கு இரண்டு நிமிடம் என்பது இரண்டு வாக்கியம். மூன்றாவதன் நடுவில் டம்ளர் ஒலித்தது.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் நடுவர். "போகட்டும்."

கட்டளையை நானே அடித்தேன். பிறகு தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்கும் வாக்கியம் ஒன்றைத் தட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும்.

"என்னவே, கோவமா? ஏதாவது சொல்லும்" என்றார் திரவியம்.

திரையில் எழுத்து இருந்தது. உதட்டசைவு மாதிரி அந்த வாக்கியத்தின் மேல் நிறம்கூட ஓடியது. குரல் இல்லை. குடும்பத்தில் ஒருவர் என்று நாங்கள் காப்பாற்றி வைத்த பேசும் ஆப் எழுத்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி. குரல் அந்த மூன்றெழுத்துக்காரருடையது. முகம் காட்டாமல், ஒருபோதும் விளம்பரம் போடாமல், உள்ளறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரை நாங்கள் விசாரித்து வெளியேற்றிவிட்டோம். அதுவும் அவருக்காக அவர் குரலாலேயே நான் வாதாடி, நேரமின்மையால் தோற்று.

கடைக்குப் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார் திரவியம். கடையைச் சனிக்கிழமை நீக்கிவிட்டோம் என்பது அவருக்கே அடுத்த நொடியில் நினைவுக்கு வந்தது. அன்று என் வாதத்தைப் பாராட்டிக் கைகுலுக்கியவர் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அத நம்பிப் பேசலவே. என் மொறைனு பேசிட்டேன்" என்றார்.

எனக்குத் தெரியும். முப்பது வருடமாக இருவருக்கும் அதுதான் தொழில்.

ஜூன் 18, புதன்

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுகிறேன். திரவியம் வரவில்லை. போனும் இல்லை.

நித்திலாவிடம் சொல்லலாமா என்று வடிவு கேட்டாள். நோண்டவில்லை என்று சொன்ன வாய் இப்போது இல்லை, யார் போய்ச் சொல்வது என்று எழுதினேன். சிரித்தாள். பிறகு அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கடைக் கணக்கு எழுத உதவும் போலிருக்கிறது.

குழாய் இன்றும் நெடுநேரம் ஓடியது. கோளாறு முற்றிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷமீமா வரும் நாள். இனி வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிடும்படி நான் கேட்டிருந்ததை வடிவு அவரிடம் சொல்லவில்லையாம். வந்துவிட்டார். வந்தவரைத் திருப்பி அனுப்புவது நாகரிகமில்லை.

ஒரு மணி நேரம் இருந்தார். அவர் போன பிறகு வடிவு காப்பி கொண்டுவந்து வைத்தாள். தாளில் நான் எதுவும் எழுதிக் காட்டியிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதை எழுத இன்று இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

விடிந்ததும் திரவியம் வாசலில் நின்றார். தலை சீவவில்லை, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, கையில் வயர்.

"அழிக்கலவே!" என்றார் படியிலிருந்தே. "நாம ஒண்ணையும் அழிக்கல!"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு நாளாகப் படித்திருக்கிறார். பெட்டியோடு வந்ததை நாங்கள் அடித்த கட்டளையால் அழிக்க முடியாதாம். இந்த வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று பட்டியலிலிருந்து பெயரை மட்டும் அடித்துவிடுகிறது. மூலப் பிரதி உள்ளே அப்படியே இருக்கிறது.

"ஆளு உள்ளதான் இருக்கான் வே. நாம கூப்புடாததால வரல. அவ்வளவுதான். கூப்புடுததுக்கும் ஒரு கட்டள இருக்கு."

"அப்ப ரம்மிக்காரனும் உள்ளதான் இருக்கானா அண்ணாச்சி?"

"இருப்பான் மயினி. நாம கூப்புட வேண்டாம்."

கட்டளையை அடித்தார். மூன்று முறை பிழை வந்தது. அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். நான்காம் முறை சரியானது. ஏதாவது பேசும் என்றார். நான் தட்டினேன்: திரவியம், முதலில் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடும்.

பேசியது. பெண் குரலில். நித்திலா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆண் குரல் திரும்பவில்லை. பெட்டியோடு வந்த குரல்தான் வந்தது.

திரவியம் பொத்தானைப் போடாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி. பிறகு, "மேடைல இப்படியேவா?" என்றார்.

"நல்லாத்தான இருக்கு" என்றாள் வடிவு. "இந்த வீட்டுல பொம்பள சொல்லு எடுபட இப்பவாவது வழி பொறந்துதே."

ஜூன் 22, ஞாயிறு

மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலிகள் வழக்கம்போல் முதலில் நிறைந்தன. முத்தையா சார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டேப்லெட்டைப் பார்த்ததும் பின்வரிசைக்கு மாறினார்.

டேப்லெட் என் வணக்கத்தைச் சொன்னது. நடுவர் ஆவுடையப்பன் பெண் குரலில் பேசியதும் ஒரு சலசலப்பு. "வீட்டில் ஒத்திகை பார்த்தது போதாது என்று இங்கும் வீட்டம்மாவே பேசுகிறார்" என்று அடுத்து தட்டினேன். பெண்கள் பகுதியில் கைதட்டல் ஓயச் சற்று நேரமானது. விளம்பரம் வரவில்லை. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் வடிவு, மூன்றாம் வரிசையில், முந்தானை நுனியை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. ஒரு முறையும் வரவில்லை.

பேச்சு அணி பேசி முடித்தது. மௌனத்தின் பெருமையைச் சொல்லத் திரவியம் எழுந்தார். மௌனத்தைப் பற்றி ஒருவர் இவ்வளவு பேச முடியும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நேரம் முடிந்தது. மணி அடித்தேன். பேசினார். மறுபடி அடித்தேன். "நடுவர் அவர்கள் என்னை உற்சாகப்படுத்துகிறார்" என்றார். எத்தனையோ நடுவர்களை இதே வாக்கியத்தால் சமாளித்தவர். அவை சிரித்தது. "மௌனத்தின் மேன்மை என்னவென்றால்," என்று புதிதாகத் தொடங்கினார்.

டேப்லெட் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை மணியில் இருந்தது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மைக்கின் பக்கம் குனிந்து, காற்றை விழுங்கி,

"போதும்"

என்றேன்.

அழகான ஒலி என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் போடாத கேட்டை யாரோ திறந்தது போல் இருந்தது. மைக் அதைப் பெரிதாக்கி மண்டபத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

திரவியம் வாக்கியத்தின் நடுவில் நின்றார். முப்பது வருடத்தில் முதல்முறை. என்னை நோக்கித் திரும்பினார். பிறகு மைக்கைப் பார்த்து, மேடைத் தமிழை விட்டுவிட்டு, "நடுவர் சொல்லிட்டாரு" என்று சொல்லி உட்கார்ந்தார். மறுபடியும் கண்ணாடியில் தூசி.

கைதட்டலைப் பற்றி எழுதினால் தற்பெருமையாகிவிடும். முத்தையா சார் எழுந்து நின்றே தட்டினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

தீர்ப்புக்கு டேப்லெட்டை எடுத்தேன். இரண்டும் வேண்டும் என்று முடிப்பதுதான் நடுவர்களின் மரபு. நான் பேச்சு என்று சொன்னேன். காரணங்களை நேரமின்மையால் அடுத்த விழாவுக்கு ஒத்திவைப்பதாகப் பெண் குரல் அறிவித்தது. வடிவு முந்தானையை விட்டுவிட்டிருந்தாள்.

திரும்பும்போது ஒரே காரில் பரோட்டா. எனக்கு மசித்துத்தான் தர வேண்டும். திரவியம் தன்னுடையதையும் மசித்துத் தின்றார். பல்வலியாம்.

ஜூன் 23, திங்கள்

அடுத்த மாதம் தென்காசியில் ஒரு மேடை. இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டதாகத் திரவியம் போன் செய்தார். முழங்கால் என்ன ஆயிற்று என்று டேப்லெட் கேட்டது. எந்த முழங்கால் என்றார்.

வடிவின் போனிலும் ரம்மி இருக்கிறதாம். வழக்கு எதுவும் வேண்டாம், பேசாமல் எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்தேன். எது என்னவென்று தெரியாத எதையும் தொடவில்லை.

காலையில் அவள் அடுப்படியில் இருந்தாள். டேப்லெட் கட்டிலில் கிடந்தது. வாசல்படியில் நின்று, "காப்பி" என்றேன்.

"என்ன?" என்றாள், திரும்பாமல்.

"காப்பி."

"கேக்கல. என்ன சொல்லுதிய?"

அடுப்பு எரியவில்லை, மிக்ஸி ஓடவில்லை, குழாய் மூடியிருந்தது. இவள் காதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். காற்றை விழுங்கிவிட்டு மூன்றாம் முறையும் சொன்னேன்.

காப்பி என் டம்ளரில் தயாராக ஆற்றி வைக்கப்பட்டிருந்தது.